பழைய நீல டிரம்மில் வண்டிக்கு அடிக்கவசம்

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஓட்டும் மொபெட்டின் இன்ஜினுக்கு அடியில் தகரம் அடிக்காதீர்கள். பழைய நீல பிளாஸ்டிக் டிரம்மின் பக்கத்தை வெட்டி, ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) சூடாக்கி வளைத்துப் பொருத்துங்கள். அது எச்டிபிஇ என்ற கெட்டியான பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, வழவழப்பானது என்பதால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் களிமண்கூட வழித்தால் சுலபமாக வந்துவிடும், கல்லில் இடித்தால் தகரம் போல நசுங்காமல் வளைந்து மீளும். வெயிலில் விரியும், போல்ட் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு அகல வாஷர் வையுங்கள். ஆயில் இறக்கும் போல்ட்டுக்கு நேரே ஓட்டை விடுங்கள், இல்லையென்றால் அப்புறம் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டிவரும்.

சைலன்சரை ஒட்டி வேண்டாம், சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காற்றில் குளிரும் இன்ஜினின் முன்பக்கத்தை மூடக்கூடாது. பூச்சிமருந்தோ தின்னரோ இருந்த டிரம்மைத் தொடவே வேண்டாம்.