636001: சேலத்துப் பின்கோடைக் காரணிப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடான 636001-ஐ முகவரியின் அடையாளமாகப் பாராமல், ஆறு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஒன்று என்னும் முழு எண்ணாக எடுத்துக்கொண்டு காரணிகளைத் தேடினால், பெரிய எண்களில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் பலவும் அந்த ஓர் எண்ணிலேயே எதிர்ப்படும்.

மிகப் பரவலான பிழை, தேடலைப் பாதியில் கைவிட்டு அதைப் பகா எண் என்று முடிவுகட்டுவதாகும். அந்த எண் அப்படி ஏமாற்றவும் செய்கிறது. அது 1-இல் முடிகிறது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 16 என்பதால் 3-ஆல் வகுபடாது. முதல் மூன்று இலக்கங்களிலிருந்து கடைசி மூன்றைக் கழித்தால் வரும் 635 என்பது 7, 11, 13 ஆகிய எதனாலும் வகுபடாததால், மூல எண்ணும் அவற்றால் வகுபடாது. இதன் வர்க்கமூலம் 797-க்கும் 798-க்கும் இடையில் இருக்கிறது. ஆகவே 797 வரையுள்ள 139 பகா எண்களும் தோற்ற பிறகுதான் பகா எண் என்று சொல்ல முடியும். அதற்கு மேல் வகுத்துப் பார்ப்பதும் வீண்வேலை. நூறோடு, ஏன், அறுநூறோடு நிறுத்தியவரும் ஏமாந்திருப்பார். 118-ஆவது பகா எண்ணில்தான் விடை கிடைக்கிறது: 636001 = 647 × 983.

எப்போதும் சிறிய பகா எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும் என்று எண்ணுவதும் தவறு. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா காட்டிய வழியில், 798, 799 என வரிசையாக வர்க்கங்களை எடுத்து, அவற்றிலிருந்து 636001-ஐக் கழித்து, மீதி முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். முதலில் வரும் 803 முழு வர்க்கமன்று. பதினெட்டாம் முயற்சியில் 815-இன் வர்க்கமான 664225-இலிருந்து கழிக்க 28224, அதாவது 168-இன் வர்க்கம் கிடைக்கிறது. 815-உடன் 168-ஐக் கூட்டினால் 983, கழித்தால் 647. காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதே இந்த வேகத்துக்குக் காரணம். அந்த வேகத்தை நம்பி மலையேறிவிடக் கூடாது: ஏற்காட்டு முகவரிகளில் காணும் 636601-க்கு இதே வழி 128 முயற்சிகளைக் கேட்கும், ஆனால் முதல் மூன்று இலக்கங்களிலிருந்து கடைசி மூன்றைக் கழிக்கும் முறை 35-ஐத் தந்து, 7 அதன் காரணி என்பதை ஒரே வரியில் காட்டிவிடும் (7 × 199 × 457).

4-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் அந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்பது பகா எண்களுக்கு மட்டுமே உறுதியான விதி. 636001-க்கும் மீதி 1-தான். ஆனால் 647, 983 இரண்டுக்கும் மீதி 3, இரண்டும் ஒருமுறையே வருகின்றன. மீதி 3 தரும் பகாக் காரணி இப்படி ஒற்றைப்படை முறை வந்தால் அந்த எண்ணை அப்படி எழுத இயலாது.

பகா எண் என்று தவறாகக் கொண்டவர், அதனுடன் 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் மொத்தம் 636000 என்றும் எழுதிவிடுவார். சரியான விடை 646 × 982, அதாவது 634372. விடுபடும் 1628 எண்களில் 982 எண்கள் 647-இன் மடங்குகள். 646 எண்கள் 983-இன் மடங்குகள்.