கொலைட்டிஸ் இருக்கவங்க இசப்கோல் எப்படி குடிக்கணும்? ஸ்டெப் பை ஸ்டெப்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடல் உள்சுவர் வீங்கி புண்ணாகுற நோய்) நான் மெசலமைன் மாத்திரையோட (குடல் வீக்கத்த குறைக்கிற மருந்து) சேர்த்து விடாம எடுக்குற ஒரே மூலிகை இசப்கோல் தான். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையுற செடி, அதோட விதை மேல இருக்குற உமிய தான் நாம குடிக்கிறோம். தண்ணி பட்டா வழவழன்னு ஜெல் ஆகிடும், லூசா போனா தண்ணிய புடிச்சு வைக்கும், இறுகிப் போனா இளக்கி விடும். பெருங்குடல் பாக்டீரியா இதுல கொஞ்சத்த நொதிக்க வச்சு பியூட்டிரேட்னு ஒரு கொழுப்பு அமிலத்த உண்டாக்கும், குடல் சுவர் செல்லுக்கு அது தான் முக்கியமான தீனி.

ஸ்டெப் 1: முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. க்ரோன்ஸ் (குடல் வீங்கி புண்ணாகுற இன்னொரு நோய்) இருந்து குடல் எங்கயாவது சுருங்கியிருந்தா இது அங்கயே அடைச்சுக்கும், தொடவே கூடாது. முழுங்க கஷ்டப்படுறவங்களுக்கும் வேணாம். ரத்தமா போயிட்டு இருக்குறப்பவும் ஆரம்பிக்காதீங்க, நோய் அடங்கின அப்புறம் தான்.

ஸ்டெப் 2: ஃப்ளேவர், சர்க்கரை எதுவும் சேர்க்காத வெறும் உமியா வாங்குங்க. பொடிய விட உமி தான் பெஸ்ட், பொடி சட்டுன்னு கட்டி பிடிச்சுடும்.

ஸ்டெப் 3: கலக்குறது. இங்க தான் எனக்கு ரொம்ப நாள் சரியாவே வரல. பெரிய டம்ளர்ல முதல்ல முழுசா தண்ணி ஊத்திடுங்க, ஒரு கையில ஸ்பூனால சுத்திக்கிட்டே இன்னொரு கையால அரை டீஸ்பூன் உமிய மேல தூவுங்க. உமிய கீழ போட்டு மேல தண்ணி ஊத்தினா அடியில கட்டி ஒட்டிக்கிட்டு உள்ள காய்ஞ்ச உமி அப்படியே நிக்கும். தூவினதும் உடனே மடமடன்னு குடிச்சிடணும், போன் வந்துச்சுன்னு வச்சுட்டு போனீங்கன்னா திரும்பி வர்றப்ப கூழாகிடும், தொண்டையில இறங்காது. அடுத்து இன்னொரு டம்ளர் வெறும் தண்ணி, இத மட்டும் விட்டுடாதீங்க.

ஸ்டெப் 4: ஆரம்பத்துல கேஸ், உப்புசம் வரும், அதனால அரை டீஸ்பூன்லயே கொஞ்ச நாள் இருந்து ஒத்துக்கிச்சுன்னா மெதுவா ஏத்துங்க.

1999ல ஸ்பெயின்ல, நோய் அடங்கியிருந்தவங்களுக்கு இதே விதைய தினம் 20 கிராம் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தாங்க, நோய் திரும்ப வராம இருக்குறதுல மெசலமைனுக்கு பெரிசா குறைவில்லன்னு வந்துச்சு. ஆனா அது சின்ன ஆய்வு, அதுல குடுத்தது விதை, உமி இல்ல, அத நம்பி தயவுசெஞ்சு மாத்திரைய நிறுத்திடாதீங்க.

அப்டேட்: தைராய்டு மாத்திரை, அயர்ன் மாத்திரையோட சேர்த்து குடிக்கலாமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. கூடாது, மாத்திரை உடம்புல சேர்றத குறைச்சுடும், குறைஞ்சது 2 மணி நேரம் கேப் விடுங்க.

அப்டேட் 2: கடையில "வயிறு சுத்தம் ஆகும்"னு விக்கிற சூரணத்த இதோட கலக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாங்க. டப்பாவ திருப்பி பாருங்க, பெரும்பாலும் நிலாவாரை இருக்கும். அது குடல முறுக்கி தள்ளுற பேதி மருந்து, நம்ம புண்ணு குடலுக்கு அது வேணவே வேணாம்.