ஒரு காதில் மட்டும் திடீர் இரைச்சலா? காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேற்று வரை இல்லாத சத்தம் இன்று ஒரு காதில் மட்டும் கேட்கிறது. சிலருக்குக் 'கொய்ங்' என்று, சிலருக்கு 'உஸ்' என்று. சில நொடிகள் வந்து தானாக அடங்கிப்போகிற சத்தம் எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான், அதை விட்டுவிடலாம். மணிக்கணக்கில் அடங்காமல் இருந்தால்தான் மனம் பதறி ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்கிறது: இது எதனால் வந்தது? மூளையில் கட்டியாக இருக்குமோ, பக்கவாதத்தின் தொடக்கமோ என்று பயம் ஏறிக்கொண்டே போகும்.

அந்தப் பயம் இயல்பானது. ஆனால் முதல் நாளில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் காதில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் அவகாசம் இருக்கிறது, இந்தக் கேள்விக்கு இல்லை.

பெரிய தவறு நடப்பது இங்கேதான். இரைச்சல் அவ்வளவு தொந்தரவாக இருப்பதால், கேட்பது குறைந்திருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. "காது அடைத்த மாதிரி இருக்கிறது, சளியாக இருக்கும், குறும்பி சேர்ந்திருக்கும், நாலு நாள் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். உள்காதோ செவி நரம்போ பாதிக்கப்பட்டுத் திடீரெனச் செவித்திறன் குறைவதும் இப்படித்தான் தொடங்கும். அடைப்பு உணர்வு, இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். காலையில் தூங்கி எழுந்ததும் இதை முதலில் கவனிப்பவர்கள் நிறைய. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் (ஒலியின் சுருதி நிலைகளில்) 30 டெசிபலோ (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) அதற்கு மேலோ செவித்திறன் இறங்கியிருந்தால் மருத்துவர்கள் இதை அவசர நிலையாக எடுத்துக்கொள்வார்கள். இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும், முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. சிலருக்குச் சிகிச்சை இல்லாமலேயே கேட்கும் திறன் திரும்பிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்பதை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அதனால் காத்திருந்து பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். போனை ஒரே வால்யூமில் வைத்து இரண்டு காதிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். காதுக்குப் பக்கத்தில் விரல்களை உரசி, இரண்டு பக்கமும் ஒரே அளவு கேட்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். குறும்பி, சளி போன்ற அடைப்பு என்றால் முனகல் பெரும்பாலும் பாதித்த காதில்தான் பலமாகக் கேட்கும். நல்ல காதுப் பக்கம் பலமாகக் கேட்டால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ இருக்கலாம். மருத்துவர் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே அடிப்படையில்தான். இந்தச் சோதனைகளால் நோய் என்ன என்று முடிவு கட்ட முடியாது. கேட்பதில் வித்தியாசம் தெரிந்தாலோ, சந்தேகமாக இருந்தாலோ, அன்றைக்கே அல்லது மறுநாளே இ.என்.டி. மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நேரம் வாங்கும்போது "காதில் சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் இரண்டு வாரம் கழித்துக்கூட வரச் சொல்லலாம். "ஒரு காதில் திடீரென்று கேட்பது குறைந்துவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். போன இடத்தில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு "செவிப்பறை நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள். உள்காது பாதித்திருந்தாலும் செவிப்பறை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுத்தால்தான் விஷயம் தெரியும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் பலமிழப்பது, நிற்கவே முடியாத தலைசுற்றல், தலையில் அடிபட்ட பிறகு வந்த இரைச்சல் என்றால் இந்த வீட்டுச் சோதனையெல்லாம் வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த தவறு, இரவெல்லாம் போனில் தேடிக் கட்டியில் போய் நிற்பது. செவி நரம்புக் கட்டி என்று ஒன்று இருப்பது உண்மை. ஒரு காதில் மட்டும் இரைச்சலோ செவித்திறன் குறைவோ இருந்தால் மருத்துவர்கள் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒரு சிலருக்கே வருகிற கட்டி அது. புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மிக மெதுவாக வளரும், சில கட்டிகள் வளர்வதே இல்லை. சிறியதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதோடு விடுவதும் உண்டு. அதனால் ஸ்கேனுக்குச் சில வாரங்கள் காத்திருப்பதைப் பற்றிக் கலங்க வேண்டாம். ஆடியோகிராமுக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது. இந்த வரிசையைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது.

குறும்பி, நடுக்காதில் தேங்கிய நீர், காதுக்குப் பக்கத்தில் கேட்ட பலத்த சத்தம், மெனியர் என்ற உள்காது நோய், தாடை மூட்டுக் கோளாறு என்று வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன. மெனியர் என்றால் இரைச்சலோடு 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் தலைசுற்றல் விட்டுவிட்டு வரும்.

குறும்பிதான் என்று நீங்களே முடிவு செய்து பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், அது குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும். காதில் வைத்து எரிக்கும் மெழுகுவர்த்தி எதையும் வெளியே இழுப்பதில்லை, சூட்டுக்காயம்தான் மிச்சம். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் எண்ணெயோ சொட்டு மருந்தோ விடுவதும் வேண்டாம்.

மருந்து விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன், சில ஆன்டிபயாடிக் ஊசிகள், சில புற்றுநோய் மருந்துகள் இரைச்சலை உண்டாக்கும். அவை பொதுவாக இரண்டு காதையும் பாதிக்கும். சந்தேகம் வந்தால் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சத்தம் எப்படி வருகிறது என்று கவனிக்காமல் போவதும் தவறுதான். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். இரைச்சல் அதே தாளத்தில் துடித்தால், ரத்தக் குழாய்களையும் தலைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அதற்காக நாள் முழுவதும் நிசப்தமான அறையில் உட்கார்ந்து "இன்னும் கேட்கிறதா" என்று பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. 1953-இல் ஒரு ஆய்வில், காதுக் கோளாறு இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் உட்கார வைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். சிக்னல் குறைந்தால் வானொலியின் வால்யூமை ஏற்றுகிறோம், கூடவே கரகரப்பும் ஏறுகிறது. காதிலிருந்து வருவது குறையும்போது மூளையும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. பயம் சேர்ந்தால் கவனம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் சத்தம் இன்னும் பெரிதாகத் தோன்றும். இரவில் மெல்லிய மழைச் சத்தமோ இசையோ ஓடட்டும், ஆனால் இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம். சாதாரண இடங்களில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து "காரணம் தெரியவில்லை" என்று சொன்னால், மருத்துவர் எதையோ தவறவிட்டுவிட்டார் என்று நினைத்து மருத்துவமனை மருத்துவமனையாக அலைய வேண்டாம். திடீர் செவித்திறன் குறைவிலேயே பெரும்பாலானோருக்குக் காரணம் கடைசிவரை கிடைப்பதில்லை. காரணம் தெரியாவிட்டாலும் செய்யக்கூடியது இருக்கிறது. செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காது கேட்கும் கருவி போட்டால் பல நேரம் இரைச்சலும் தணிகிறது. இரைச்சல் தரும் மன உளைச்சலைக் குறைப்பதில் சி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரைகளுக்கு அப்படி ஆதாரம் இல்லை. கேட்பது மறுபடி குறைந்தாலோ, தலைசுற்றல் புதிதாகச் சேர்ந்தாலோ உடனே திரும்பப் போங்கள். போகும்போது பழைய ஆடியோகிராமையும் எடுத்துப் போங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு மாறியிருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியும்.