என்ஜினியர்டு மரத்தரை: எத்தனை மி.மீ. பலகை வாங்குவது?

"15 மி.மீ. பலகை" என்று கடைக்காரர் சொல்வது முழுப் பலகையின் கனம். நாம் கால் வைத்து நடக்கப்போகும் அசல் மரம் அதன் மேல் ஒட்டிய ஒரு அடுக்கு மட்டுமே. கீழே இருப்பது ப்ளைவுட் அல்லது எச்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த கெட்டிப் பலகை). அதனால் இரண்டு கனங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 1: மேலடுக்கை முடிவு செய்யுங்கள்

சாம்பிள் துண்டின் வெட்டு முகத்தைப் பாருங்கள். மேலடுக்கு 0.6 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை இருக்கும். பல வருடம் கழித்துத் தரையை மெஷினால் தேய்த்துப் புதுசாக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை முதல் 1 மி.மீ. வரை மரம் போய்விடும். 1 மி.மீ.க்குக் குறைவான அடுக்கைத் தேய்க்கவே கூடாது, அடியில் உள்ள ப்ளைவுட் தெரிந்துவிடும். 2 மி.மீ. என்றால் கவனமாக ஒருமுறை தேய்க்கலாம், 3–4 மி.மீ. என்றால் இரண்டு மூன்று முறை. 6 மி.மீ. அடுக்கு முழு மரப்பலகைக்கே ஈடு. 20 மி.மீ. முழு மரத்திலும் பலகைகள் கோத்துக்கொள்ளும் பள்ளத்துக்கு மேலே உள்ள பகுதியைத்தானே தேய்க்க முடியும்!

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மேலடுக்கு 1 மி.மீ. உள்ள 18 மி.மீ. பலகையைவிட, மேலடுக்கு 4 மி.மீ. உள்ள 14 மி.மீ. பலகை நீண்ட நாள் உழைக்கும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கூடத்துக்கு 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம் என்பேன். படுக்கையறைக்கு 2 மி.மீ. தாராளம்.

படி 2: பலகைக்குக் கீழே என்ன?

காங்கிரீட் மேல் முழுக்கப் பசை தடவி ஒட்டுவதானால் தரையே பாரத்தைத் தாங்கும், மொத்தம் 10–14 மி.மீ. போதும். ஒட்டாமல், மெல்லிய விரிப்பின் மேல் கோத்துப் போடுவதானால் 14–15 மி.மீ. நல்லது, நடக்கும்போது அழுத்தமாக இருக்கும். இடைவெளி விட்ட மரச்சட்டங்களின் மேல் நேரடியாக ஆணி அடித்துப் போடுவதற்கு 18–21 மி.மீ. வேண்டும். அப்போதும் சட்டத்தின் மேல் போடலாம் என்று தயாரிப்பாளரின் குறிப்பு சொல்கிறதா பாருங்கள்.

தரைக்கு அடியில் அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாய் ஓடினால் கணக்கு மாறும். மரம் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் மெல்லிய பலகையே நல்லது. மரத்தின் மேற்பரப்பு வெப்பம் பொதுவாக 27 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது.

படி 3: கதவை அளந்து பாருங்கள்

15 மி.மீ. பலகையும் 3 மி.மீ. விரிப்பும் சேர்ந்தால் தரை 18 மி.மீ. உயரும். கதவு இடிக்குமா, பக்கத்து அறைத் தரையோடு மட்டம் ஒக்குமா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

படி 4: மட்டம்

தடித்த பலகை மேடுபள்ளத்தை மறைக்காது. 2 மீட்டர் நீள மட்டப்பலகையைத் தரையில் வையுங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், எந்தக் கனத்தில் பலகை வாங்கினாலும் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பிக் காயவிட வேண்டும்.