தியேகோ ரிவேராவின் படிக்கட்டுச் சுவர்களைப் படிப்பது எப்படி

மெக்சிகோ நகரத்தில் உள்ள தேசிய அரண்மனையின் முதன்மைப் படிக்கட்டில் ஏறத் தொடங்கும் ஒருவர் நான்கைந்து படிகளுக்குள்ளாகவே திகைத்து நின்றுவிடுவது இயல்பு. மூன்று பக்கச் சுவர்களிலும் நூற்றுக்கணக்கான உருவங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கே தொடங்குவது, எதை விடுவது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. தியேகோ ரிவேரா 1929 முதல் 1935 வரை இடைவெளிவிட்டு வரைந்த இச்சுவரோவியத்தை, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சலிப்புதான் மிஞ்சும். ஒரு தேசம் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ள எவற்றையெல்லாம் தேர்ந்தெடுத்தது என்ற ஒரே கேள்வியோடு ஏறினால் சுவர் பேசத் தொடங்கும். நேரில் செல்பவர்களுக்கும், படங்களை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பார்ப்பவர்களுக்கும் இந்த வழிமுறை பொருந்தும்.

படிக்கட்டுக்குப் போவதற்கு முன் பின்னணியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1910 இல் போர்ஃபிரியோ தியாஸின் நீண்டகால ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய புரட்சி பத்தாண்டுகள் நாட்டைச் சிதறடித்தது. அதன்பின் அதிபரான அல்வரோ ஒப்ரெகோன் 1921 இல் பொதுக் கல்வி அமைச்சகத்தை உருவாக்கி, அதன் பொறுப்பை ஹோசே வாஸ்கொன்செலோஸிடம் ஒப்படைத்தார். மக்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை இல்லாத நாட்டில், பள்ளிகளையும் நூலகங்களையும் திறந்ததோடு, பொதுக் கட்டடங்களின் சுவர்களையும் ஓவியர்களிடம் கொடுத்தவர் அவர். 1907 இல் ஐரோப்பா சென்ற ரிவேரா அங்கேயே பல ஆண்டுகள் தங்கி, பாரிஸில் கியூபிச ஓவியராகப் பெயரெடுத்து, இத்தாலியத் தேவாலயங்களின் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, 1921 இல் ஊர் திரும்பினார்.

நேரம் இருந்தால் அவருடைய இரண்டு பழைய பணிகளை முதலில் பாருங்கள். இரண்டுமே அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. சான் இல்தெஃபோன்சோ கட்டடத்தின் அரங்கில் உள்ள ‘படைப்பு’ 1922 இல் தொடங்கி மறு ஆண்டு முடிந்தது. பொன்னிற ஒளிவட்டங்களோடு அமர்ந்திருக்கும் அதன் உருவங்களைப் பார்த்தால், ஓவியர் இன்னும் இத்தாலியிலிருந்து வந்து சேரவில்லை என்றே தோன்றும். கல்வி அமைச்சகக் கட்டடத்தின் முற்றங்களில் 1923 முதல் 1928 வரை வரைந்தவை வேறு உலகம். கரும்பாலைத் தொழிலாளர்கள், சுரங்க வாசலில் சோதனைக்காகக் கைகளை விரித்து நிற்கும் தொழிலாளி, இறந்தோர் திருநாள் கூட்டம் என அங்கே ஊர் மக்களே சுவரை நிறைக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் ஓர் ஓவியர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது அந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும்.

இனிப் படிக்கட்டு. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய நாம் இயல்பாகவே இடப்பக்கச் சுவரிலிருந்து தொடங்குவோம். அப்படித் தொடங்கினால் கதையின் முடிவைத்தான் முதலில் பார்ப்போம். காலம் இங்கே வலமிருந்து இடமாக ஓடுகிறது. வலப்புறம் உள்ள வடக்குச் சுவரில் பழைய மெக்சிகோ, எதிரே உள்ள மேற்குச் சுவரில் ஸ்பானியர் நாட்டை வெற்றிகொண்ட காலம் முதல் 1930 வரையான வரலாறு, இடப்புறம் உள்ள தெற்குச் சுவரில் ரிவேராவின் நிகழ்காலமும் அவர் விரும்பிய எதிர்காலமும் இருக்கின்றன.

வடக்குச் சுவரின் நடுவே பச்சை இறகுகளாலான தலையணியோடு அமர்ந்திருப்பவர் குவெட்சால்கோவாட்ல். பயிர்த்தொழிலையும் கைவினைகளையும் மக்களுக்குக் கற்பித்ததாகச் சொல்லப்படும் தெய்வம் அவர். சுற்றிலும் மக்காச்சோளம் விதைக்கிறார்கள், நெய்கிறார்கள், மண்பாண்டம் வனைகிறார்கள். இதைப் பொற்காலச் சித்திரம் என்று எண்ணிக் கடந்துவிட வேண்டாம். ஆட்சியாளனுக்கு முதுகில் திறைப்பொருள் சுமந்து செல்பவர்களும், ஆயுதமேந்தி மோதிக்கொள்பவர்களும் அதே சுவரில் இருக்கிறார்கள். மேலே சூரியன் தலைகீழாகத் தொங்குகிறது. ஆனாலும் நரபலிக்கு இங்கே முக்கிய இடம் கிடையாது. ஐரோப்பியப் பாணியே நாகரிகம் என்று கருதிய தியாஸ் காலத்துக்கு மறுமொழியாக, பழங்குடி நாகரிகத்தைத் தேசத்தின் அடித்தளமாக நிறுத்துவதே ஓவியரின் நோக்கம். அந்த நோக்கம் எதை முன்னே இழுத்தது, எதை ஒதுக்கியது என்பதைக் கவனிப்பதுதான் இச்சுவரைப் படிக்கும் முறை.

மேற்குச் சுவருக்கு அதிக நேரம் கொடுங்கள், ஏனெனில் மூன்றில் ஆகச் சிறந்தது அதுவே. படிக்கட்டு இரண்டாகப் பிரியும் தளத்தில் நின்று கீழ்ப்பகுதியை முதலில் பாருங்கள். கழுகு வேடமும் ஜாகுவார் வேடமும் பூண்ட அஸ்டெக் வீரர்கள், இரும்புக் கவசம் அணிந்த ஸ்பானியர்களோடு மோதுகிறார்கள். ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸ் குதிரைமீது இருக்கிறார். இந்தப் போரில் அடிவானம் என்று ஒன்று இல்லை, கண் இளைப்பாற ஓர் இடமும் இல்லை. நெரிசல்தான் அதன் இலக்கணம். மேலே ஐந்து வளைவுகள் உள்ளன. இரு ஓரங்களிலும் அயல்நாட்டுப் படையெடுப்புகள்: ஒன்றில் 1847 இன் அமெரிக்கப் படை, மற்றொன்றில் 1860களின் பிரெஞ்சுத் தலையீடு. அவற்றுக்கு உட்புறத்தில் அதிபர் ஹுவாரெஸின் சீர்திருத்தக் காலமும், தியாஸின் ஆட்சியும் அதை வீழ்த்திய புரட்சியும். நடு வளைவில் 1810 இல் விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த பாதிரியார் இதால்கோ நிற்க, அவருக்கும் மேலே ‘நிலமும் விடுதலையும்’ என்ற முழக்கம் எழுதிய பதாகையோடு 1910 புரட்சியின் உழவர் தலைவர் சபாட்டா நிற்கிறார். இருவருக்கும் இடையே நூறாண்டு இடைவெளி உண்டு. அதை ஒரே வளைவுக்குள் அடுக்கியதன் மூலம், 1810 இல் தொடங்கியது 1910 இல் தொடர்ந்தது என்று ஓவியர் வாதிடுகிறார். பள்ளிப் பாடநூல் பல பக்கங்களில் சொல்லவேண்டிய வாதம் அது.

இப்போது சுவரின் நடுப்புள்ளியைப் பாருங்கள். சப்பாத்திக்கள்ளியின்மேல் கழுகு அமர்ந்திருக்கிறது. மெக்சிகோவின் சின்னம் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள், ஆனால் அதன் அலகில் பாம்பு இல்லை. நீரும் நெருப்பும் ஒன்றோடொன்று பின்னிய பழைய போர்க்குறியே இருக்கிறது. இவ்வடிவத்துக்கு மூலம் ஓர் அஸ்டெக் சிற்பக்கல். 1926 இல் இதே அரண்மனையின் அடித்தளத்திலிருந்து அது வெளியே எடுக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து ரிவேரா அக்கழுகை அதே கட்டடத்தின் சுவரில் ஏற்றிவிட்டார். அஸ்டெக் பேரரசர் மொக்தேசுமாவின் அரண்மனை இருந்த இடத்தில் கோர்தேஸ் எழுப்பிய மாளிகையே பின்னர் ஆட்சி பீடமாயிற்று என்பதையும் நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் கழுகு அலங்காரமாகத் தெரியாது.

சுவருக்கு அருகில் போக முடிந்தால், வண்ணத்தை விட்டுவிட்டுப் பூச்சைக் கவனியுங்கள். சுண்ணாம்புக் காரை ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த வண்ணத்தை இட வேண்டும். காரை காற்றோடு வினைபுரிந்து இறுகும்போது வண்ணமும் அதற்குள் அகப்பட்டுச் சுவரின் பகுதியாகிவிடுகிறது. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டுமே கடைசிப் பூச்சு இடப்படும். உருவங்களின் விளிம்புகளை ஒட்டி மெல்லிய தையல்போல ஓடும் இணைப்புகள் தென்பட்டால், அவை ஒவ்வொரு நாள் வேலையின் எல்லைகள். கல்வி அமைச்சகப் பணியின் தொடக்கத்தில் சப்பாத்திக்கள்ளிச் சாற்றை வண்ணத்தோடு கலந்து, பழைய மெக்சிகோவின் முறையை மீட்டெடுத்ததாக ரிவேரா பெருமைப்பட்டார். சாறு கெட்டுச் சுவரில் கறை படியவே அம்முயற்சியைக் கைவிட்டார். சுவரில் எல்லாவற்றையுமே மண்ணின் மரபாக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

தெற்குச் சுவரை விரைவாகவே பார்த்துவிடலாம். உச்சியில் கார்ல் மார்க்ஸ் கையை நீட்டி வருங்காலத்தைக் காட்டுகிறார். கீழே முதலாளிகளும் மதகுருமார்களும் அறைகளுக்குள் அடைபட்டிருக்க, வேலைநிறுத்தங்களும் அடக்குமுறையும் சூழ்கின்றன. ஆசிரியைகளாக ரிவேராவின் மனைவியும் ஓவியருமான ஃப்ரீடா காலோவும் அவருடைய தங்கை கிறிஸ்டினாவும் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். நடுச்சுவரில் எதிரெதிர் ஆற்றல்கள் மோதிக்கொண்டிருக்க, இங்கே நல்லவர்களும் கெட்டவர்களும் முன்கூட்டியே பிரிக்கப்பட்டுவிட்டதால், சுவர் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. ஆனால் ஒரு முரணை மட்டும் மறக்க வேண்டாம். அரசாங்கத்திடம் வேலை வாங்கிக்கொள்கிறார் என்பதும் ஒரு குற்றச்சாட்டாக, 1929 இல் ரிவேரா கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அப்படி வெளியேற்றப்பட்டவர், அதே அரசின் மாளிகையில், அரசின் செலவிலேயே மார்க்ஸை வரைந்திருக்கிறார். நியூயார்க்கின் ராக்பெல்லர் மையத்தில் லெனினை வரைந்ததற்காக அவருடைய சுவரோவியம் 1934 இல் உடைக்கப்பட்டதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேல்மாடித் தாழ்வாரத்தில் 1942 முதல் 1951 வரை அவர் வரைந்த பலகங்களையும் தவறவிட வேண்டாம். படிக்கட்டில் பழைய மெக்சிகோ பெரும்பாலும் அஸ்டெக் மக்களின் உலகமாகவே இருக்கிறது. தாழ்வாரத்தில்தான் தொதொனாக் போன்ற பிற இனத்தவருக்கும் தனிச் சுவர் கிடைக்கிறது. 1945 இல் முடிந்த தெலதெலோல்கோ சந்தைக் காட்சியில் மக்காச்சோளமும் மிளகாயும் மீனும் விற்கிறார்கள். உற்றுப் பார்த்தால் வெட்டப்பட்ட ஒரு மனிதக் கையையும் காணலாம். படிக்கட்டில் ஒதுக்கியதை இங்கே ஒரு மூலையில் ஒப்புக்கொண்டதுபோல இருக்கிறது. கடைசிப் பலகத்தில் கோர்தேஸ் மீண்டும் வருகிறார். இம்முறை கூன் விழுந்து, நோய் வெளிறிய முகத்தோடு நிற்கிறார். அவருக்கு அருகில், பழங்குடிப் பெண்ணொருத்தியின் முதுகில் கட்டிய துணிக்குள்ளிருந்து வெளிர்நிறக் கண்களோடு ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. ஸ்பானியரையும் பழங்குடியினரையும் பெற்றோராகக் கொண்ட கலப்பு மக்களே மெக்சிகோ என்று புரட்சிக்குப் பிந்தைய அரசு பறைசாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்பாட்டின் பெருமிதம் இக்குழந்தையின் முகத்தில் இல்லை. பிறப்பின் பின்னால் இருந்த வன்முறையைச் சுற்றியுள்ள சூடுபோடப்படும் உடல்களும் சுமை தூக்குபவர்களும் சொல்லிவிடுகிறார்கள்.

அரண்மனை இன்றும் ஆட்சியலுவலகமாக இயங்குவதால், அனுமதி கிடைக்கும் நாட்களையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். பார்த்து முடித்து வெளியே வந்தால் எதிரே சோகலோ சதுக்கம். அதன் நடுவே பறக்கும் பெரிய கொடியில் கழுகு இருக்கிறது, கள்ளி இருக்கிறது, அலகில் பாம்பும் இருக்கிறது. உள்ளே பார்த்த கழுகை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கொடியைச் சற்று நேரம் பாருங்கள்.