வீட்டில் ஒருவர் இறந்தால்: இங்கிலாந்தில் அவருடைய வங்கிக் கணக்கும் மோர்ட்கேஜும்

ஊரில் ஒருவர் போய்விட்டால் சித்தப்பா, மாமா என்று யாராவது ஒருவர் முன்வந்து, "பாஸ்புக்கில் நாமினி யார்னு பாரு, தாசில்தார் ஆபீசில் வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போடு" என்று சொல்லிவிடுவார். இங்கிலாந்தில் அந்த இரண்டுமே கிடையாது. சாதாரண வங்கிக் கணக்குக்கு நாமினி போடும் வழக்கம் இல்லை. இவர்தான் வாரிசு என்று எழுதித் தரும் தாசில்தாரும் இல்லை. என் அத்தான் இறந்தபோது நானும் அக்காவும் வங்கிக் கவுன்டரில் நின்று "இவங்கதான் மனைவி" என்று மூன்று முறை சொன்னோம். அங்கிருந்த பெண் மூன்று முறையும் அன்பாகத் தலையாட்டிவிட்டு மரணச் சான்றிதழைத்தான் கேட்டார்.

கீழே உள்ளதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.

முதல் வாரம்

மருத்துவரின் சான்றிதழை மெடிக்கல் எக்ஸாமினர் (மரணக் காரணத்தைச் சரிபார்க்கும் இன்னொரு மருத்துவர்) பார்த்து உள்ளூர்ப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புவார். 2024 செப்டம்பரிலிருந்து, கொரோனரிடம் (மரண விசாரணை அதிகாரி) போகாத எல்லா மரணங்களுக்கும் இந்த நடைமுறைதான். அது போய்ச் சேர்ந்த 5 நாளுக்குள் நீங்கள் மரணத்தைப் பதிய வேண்டும். சான்றிதழ் நகல் ஒன்றுக்கு 12.50 பவுண்ட். ஐந்தாறு நகல் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். சில இடங்களில் ஜெராக்ஸ் எடுபடாது, ஊருக்கு அனுப்பவும் ஒன்றிரண்டு வேண்டியிருக்கும். திடீர் மரணம் என்று விஷயம் கொரோனரிடம் போய்விட்டால் இறுதிச் சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அவர் தரும் இடைக்காலச் சான்றிதழை வைத்தே வங்கி வேலைகளைத் தொடங்கிவிடலாம்.

பதிவு செய்யும்போது 'டெல் அஸ் ஒன்ஸ்' என்ற சேவைக்கு ஓர் எண் தருவார்கள். வரித்துறை, பென்ஷன், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், கவுன்சில் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் தகவல் போய்விடும். வங்கிகளுக்குப் போகாது. பலர் ஏமாறுவது இங்கேதான். வங்கிகளுக்கென்று 'டெத் நோட்டிஃபிகேஷன் சர்வீஸ்' என்று தனியாக ஓர் இணையச் சேவை இருக்கிறது. இலவசம், அதில் சேர்ந்திருக்கும் வங்கிகளுக்கு ஒரே நேரத்தில் தெரிவித்துவிடலாம்.

ஒரு விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் உங்களிடம் இருக்கும், இறுதிச் சடங்குக்குப் பணமும் தேவைப்படும். எடுக்காதீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது உங்களுக்குக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியும் அவரோடு முடிந்துபோகிறது. அதற்குப் பதிலாக ஃபியூனரல் டைரக்டரின் பில்லை வங்கியிடம் கொடுங்கள். கணக்கில் பணம் இருந்தால், கணக்கை முடக்கிய பிறகும் அந்த பில்லை மட்டும் வங்கியே நேராகக் கட்டிவிடும்.

கணக்கு யார் பெயரில்?

கணக்கு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் கவலையில்லை. சான்றிதழைக் காட்டினால் இறந்தவர் பெயரை நீக்கிவிடுவார்கள், பணம் மற்றவருக்கு. அவர் பெயரில் மட்டும் இருந்தால் தகவல் போன உடனே கணக்கை முடக்குவார்கள். அதிலிருந்து மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த டைரக்ட் டெபிட் எல்லாம் நின்றுவிடும். எங்களுக்கு அடி விழுந்தது இதில்தான். அத்தானின் சம்பளக் கணக்கிலிருந்துதான் மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன் தவணை, போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பொறுப்பாக வங்கிக்கு முதலில் சொன்னோம், கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் சொல்ல மறந்துவிட்டோம். அடுத்த மாதத் தவணை திரும்பிப்போய், முப்பத்தோராம் நாள் காரியம் நடந்துகொண்டிருக்கும்போது பாக்கிக் கடிதம் வந்தது. அதனால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். (ஒரு வங்கி பெயரை மாற்றிப் போட்டு, அக்கா இறந்ததற்காக அத்தானுக்கு இரங்கல் கடிதம் அனுப்பியது. அந்த வாரத்தில் அக்கா சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.)

தனிக் கணக்கில் சிறு தொகை என்றால் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். எவ்வளவு வரை என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே வைத்துக்கொள்கிறது. ஒன்றில் 5,000 பவுண்ட், இன்னொன்றில் 50,000 பவுண்ட். அதற்கு மேல் போனால் 'கிரான்ட்', அதாவது இறந்தவர் சொத்தைக் கையாளக் கோர்ட் தரும் அனுமதி, வேண்டும். உயில் இருந்தால் அதில் எக்சிகியூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) என்று எழுதப்பட்டவர் புரோபேட் என்ற கிரான்டை வாங்க வேண்டும். உயில் இல்லாவிட்டால் நெருங்கிய உறவு லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற கிரான்டை வாங்க வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சொத்து மதிப்பு 5,000 பவுண்டுக்கு மேல் என்றால் கட்டணம் உண்டு, 2024 மே மாதத்தில் அதை 300 பவுண்டாக உயர்த்தினார்கள். சொத்து எளிமையானதாக இருந்தால் வக்கீல் இல்லாமலே முடித்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நம் பெயர்ச் சிக்கல்

வெள்ளைக்காரர் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். வங்கியில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். வீட்டுப் பத்திரத்தில் அதுவே முன்பின் மாறியிருக்கும். ஊரில் பதிந்த திருமணச் சான்றிதழில் ஓர் இனிஷியல் மட்டும். இறந்த பிறகு இந்த நாலும் ஒரே ஆள்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். கிரான்ட் விண்ணப்பத்தில் வேறு பெயரில் சொத்து இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். ஒவ்வொரு பாஸ்புக்கையும் பத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துக்கூட்டல் மாறாமல் எல்லாப் பெயரையும் அங்கே எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டால், அந்தப் பெயரில் உள்ள கணக்கைத் திறக்க முடியாமல் திரும்ப முதலிலிருந்து அலைய வேண்டியிருக்கும். மரணத்தைப் பதியும்போதும் அவருடைய மற்றப் பெயர்களைச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம்.

உயில் இல்லாவிட்டால்

மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், வீட்டுச் சாமான்களும் முதல் 3,22,000 பவுண்டும் மனைவிக்கு, மிச்சத்தில் பாதியும் அவருக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. 2023 ஜூலையிலிருந்து இந்தத் தொகை. யாழ்ப்பாணத்தார் தங்கள் மரபுச் சட்டமான தேசவழமையை நினைத்துக்கொண்டு சீதனம், தேடியதேட்டம் (மணத்துக்குப் பின் சேர்த்த சொத்து) என்று கணக்குப் போட வேண்டாம். இங்கே உள்ள வீட்டுக்கு இங்குள்ள சட்டம்தான்.

இங்கே 'மனைவி' என்றால் சட்டப்படி மனைவி. ஊரில் முறைப்படி நடந்து அங்கே செல்லுபடியாகும் திருமணம் இங்கும் செல்லும். ஆனால் இங்குள்ள கோயிலில் தாலி கட்டிவிட்டு, ரெஜிஸ்டர் ஆபீஸ் போவதைத் தள்ளிப்போட்டு அப்படியே விட்டுவிட்ட ஜோடிகள் இருக்கிறார்கள். உயில் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மேலே சொன்ன வரிசையில் இடமே இல்லை. கோர்ட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம், அதற்கும் கெடு உண்டு. தள்ளிப்போட்டவர்கள் இதைப் படித்தால் இந்த மாதமே போய்ப் பதிந்துவிடுங்கள்.

மோர்ட்கேஜ்

ஆள் போனால் கடன் போகாது. வட்டியும் நிற்காது. ஆனால் கடன் கொடுத்த நிறுவனங்களில் இதற்கென்றே துக்க காலப் பிரிவு இருக்கிறது. போன் செய்தால் சில மாதங்கள் அவகாசம் தருவார்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

வீடு இருவர் பெயரிலும் இருந்தால், எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்றால் வீடு தானாகவே மற்றவருக்கு வந்துவிடும், உயிலில் வேறு எழுதியிருந்தாலும்கூட. லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு (நிலப் பதிவு அலுவலகம்) டி.ஜே.பி. படிவத்தோடு மரணச் சான்றிதழை அனுப்பினால் பெயரை நீக்கிவிடுவார்கள், கட்டணம் இல்லை. 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்றால் இறந்தவரின் பங்கு உயில்படியோ மேலே சொன்ன வரிசைப்படியோதான் போகும். எது என்று தெரியாவிட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் சில பவுண்ட் கட்டிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் மட்டும் வீட்டை விற்க முடியாது என்ற பொருளில் ஒரு தடைக் குறிப்பு இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை.

கடனிலும் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், மிச்சம் முழுவதும் உயிரோடு இருப்பவர் பொறுப்பு. வீடும் கடனும் இறந்தவர் பெயரில் மட்டும் இருந்தால் கிரான்ட் இல்லாமல் வீடு நகராது. மனைவி கடனைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் அவருடைய வருமானத்தைப் பார்ப்பார்கள். போதாது என்றால் காப்பீட்டுப் பணத்தில் அடைப்பது அல்லது விற்பது.

அதனால் காப்பீட்டுக் காகிதங்களைத் தேடுங்கள். மோர்ட்கேஜ் எடுத்தபோது புரோக்கர் கூடவே ஒரு லைஃப் இன்ஷூரன்ஸ் போட்டிருப்பார், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் மாதம் இருபது, முப்பது பவுண்ட் எங்கோ போகிறதா என்று பாருங்கள். அது டிரஸ்டில் (பணம் இறந்தவர் சொத்தில் சேராமல் குறிப்பிட்டவருக்கே போகும்படி) எழுதப்பட்டிருந்தால் கிரான்டுக்குக் காத்திருக்காமல் பணம் வரும். வேலை பார்த்த இடத்திலும் கேளுங்கள். என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பென்ஷன் திட்டத்தில் இருந்த ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்தால் ஏறக்குறைய இரண்டு வருடச் சம்பளம் மொத்தமாக வரும். நம்மூர் நாமினிக்கு ஓரளவு பக்கத்தில் வரும் படிவம் பென்ஷன் திட்டங்களில்தான் இருக்கிறது. திருமணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலர் அதில் இன்னும் அம்மா பெயரையே வைத்திருப்பார்கள்.

மறைந்தவர் பெயரில் மட்டும் இருந்த கிரெடிட் கார்டு கடனை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கேட்க முடியும். போனில் யார் மிரட்டினாலும் உங்கள் கையிலிருந்து கட்டாதீர்கள். வீடு காலியாகக் கிடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். 30 நாளுக்கு மேல் ஆளில்லாவிட்டால் பல பாலிசிகள் பாதுகாப்பைக் குறைத்துவிடும்.

பிறகு சீட்டு. அவர் சீட்டுப் பிடித்தவர் என்றால் மற்றவர்கள் பணமும் அவர் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கும். நோட்டில் எழுதி வைத்திருந்தால் அது அவர் கொடுக்க வேண்டிய கடன் என்று காட்டிக் கடைசியில் திருப்பித் தரலாம். வாய் வார்த்தையாக இருந்தால் உங்கள் வீட்டு வாசலில்தான் பஞ்சாயத்து. அண்ணன் பெயரில் வீடு, அதை வாங்கத் தம்பி டெபாசிட் (முன்பணம்) போட்டார் என்பதும் இதே கதை. யாருக்கு என்ன பங்கு என்று டிரஸ்ட் பத்திரம் எழுதவில்லை என்றால், அண்ணிக்கு முன்னால் தம்பி கோர்ட்டில் நிற்க வேண்டி வரும்.

வரும் பணமும் வரியும்

கணவனோ மனைவியோ இறந்தால் பெரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட் என்று அரசு தருகிறது. குழந்தைகள் இருந்தால் முதலில் 3,500 பவுண்ட், பிறகு 18 மாதம் வரை மாதம் 350 பவுண்ட். மற்றவர்களுக்கு 2,500 பவுண்டும் மாதம் 100 பவுண்டும். முழுத்தொகை வேண்டுமென்றால் 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விசாவில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகை) கிடையாது' என்று இருப்பதைப் பார்த்துப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். இது இறந்தவர் வேலை பார்த்தபோது கட்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் சந்தாவிலிருந்து வருவது, அந்தத் தடைக்குள் வராது. பிள்ளைகள் உள்ள ஜோடியாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் சட்டப்படி மணமாகாதவராக இருந்தாலும் 2023 பிப்ரவரியிலிருந்து கேட்கலாம்.

வாரிசு வரி 3,25,000 பவுண்டுக்கு மேல்தான். கணவன் மனைவிக்குள் போவதற்குப் பொதுவாக வரி இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து, கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே இருந்தவருக்கு உலகம் முழுவதும் உள்ள சொத்தும் கணக்கில் வரும். அதற்குள் இறந்தவர் என்றால் திருச்சியில் உள்ள மனைக்கு இங்கே வரி இல்லை. அத்தானுக்கு அங்கே இருந்த மனையை அக்கா பெயருக்கு மாற்ற அண்ணன் அலைந்தபோது இங்குள்ள கிரான்ட் அங்கே போதவில்லை. அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கச் செய்யும்) முத்திரை வைத்த மரணச் சான்றிதழை அனுப்பி, தாசில்தார் ஆபீஸ் வாரிசு சான்றிதழில் மறுபடி தொடங்கினோம்.