நத்தார் விருந்து மேசையில் ஆங்கிலம் பழக்குவது எப்படி

விருந்துக்கு ஒரு கிழமைக்கு முன்னரே தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். ஆனால் மேசையில் வெறும் பீங்கான், கரண்டி, தண்ணீர் ஜக் எல்லாம் உண்மையாகவே இருக்கவேண்டும். கொப்பியில் சொற்பட்டியல் எழுதிப் பாடமாக்கிய பிள்ளை, விருந்தன்று வாயைத் திறக்காது. சொல்லைக் கையின் வேலையோடு சேர்த்துப் பழகவில்லை என்பதே காரணம்.

பொருட்களின் பெயரை முதல் நாளிலேயே முடித்துவிடலாம். பிளேட், கிளாஸ், நப்கின் எல்லாம் நம் வீடுகளில் ஏற்கெனவே புழங்குபவை. உச்சரிப்பை மட்டும் திருத்துங்கள்: ‘இஸ்பூன்’ அல்ல, ஸ்பூன். நைஃப் என்ற சொல்லை எழுதும்போது முன்னால் ‘கே’ வரும், வாயில் வராது. டிஸேர்ட் என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில். முதல் அசையில் அழுத்தினால் அது பாலைவனம்.

இரண்டாம் நாள், பிள்ளையைக் கொண்டு மேசை அடுக்குங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்ல, அது வைக்கவேண்டும். ‘புட் த ஃபோர்க் ஒன் த லெஃப்ட்.’ ‘புட் த நைஃப் ஒன் த ரைட்.’ கத்தியின் கூர்ப்பக்கம் பீங்கானைப் பார்க்கவேண்டும். சூப் கரண்டி கத்திக்கு வலப்புறம். பிறகு வேண்டுமென்றே ஒன்றைப் பிழையாக வைத்துவிட்டு, ‘வட்ஸ் ரோங்?’ என்று கேளுங்கள். லெஃப்ட், ரைட், பிசைட், பிட்வீன், அபவ் என்ற ஐந்தும் இந்த விளையாட்டில் படிவதுபோல வேறெங்கும் படியாது.

மீதி நாட்களைக் கேட்பதற்கும் மறுப்பதற்கும் ஒதுக்குங்கள். நாம் சறுக்குவது அங்கேதான். ‘கொஞ்சம் சோறு போடுங்கோ’ என்பதை அப்படியே ‘புட் சம் ரைஸ்’ என்றால் கட்டளை போலக் கேட்கும். ‘குட் ஐ ஹேவ் சம் ரைஸ், ப்ளீஸ்?’ என்று கேட்கப் பழக்குங்கள். பாத்திரம் தூரத்தில் இருந்தால் எட்டி எடுக்காமல், ‘குட் யூ பாஸ் த சாலட், ப்ளீஸ்?’ ‘கிவ்’ வேண்டாம். மேசையில் ‘பாஸ்’ தான்.

அளவையும் இதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ‘அ சிக்கன்’ என்று கேட்டால் முழுக்கோழி. ‘அ பீஸ் ஒஃப் சிக்கன்’ என்றால்தான் ஒரு துண்டு. அதேபோல அ ஸ்லைஸ் ஒஃப் கேக், அ ஸ்பூன்ஃபுல் ஒஃப் கிரேவி. கட்லட்டை மட்டும் எண்ணலாம்: டூ கட்லட்ஸ். ஆனால் ‘ஷோர்ட் ஈட்ஸ்’ என்ற சொல் இலங்கை வழக்கு. வெளிநாட்டு விருந்தாளியிடம் ஸ்னாக்ஸ் என்று சொல்வது நல்லது.

நம் வீடுகளில் முதல் ‘வேண்டாம்’ வெறும் மரியாதைக்கு. மூன்றாம் தரம் கேட்ட பிறகுதான் பீங்கானை நீட்டுவோம். ஆங்கிலத்தில் ‘நோ, தாங்க் யூ’ என்று ஒருமுறை சொன்னாலே பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். கூச்சத்தில் அப்படிச் சொன்ன பிள்ளை, பக்கத்தில் இருப்பவரின் கோழிப்பொரியலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பசித்தால் முதல் தரமே ‘யெஸ், ப்ளீஸ்’ அல்லது ‘ஜஸ்ட் அ லிட்டில், ப்ளீஸ்’ என்று சொல்லச் சொல்லுங்கள். பரிமாறும்போது நிறுத்த, ‘இனஃப், இனஃப்’ என்று கையை ஆட்டுவதைவிட ‘தட்ஸ் ப்ளென்டி, தாங்க் யூ’ நயமானது. ‘ஐ டோன்ட் வோன்ட்’ என்பதை மேசைப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

கையால் சாப்பிடும் மேசையிலும் இதே வசனங்கள்தான். மரியாதை என்றால் முள்ளுக்கரண்டி என்று சிலர் நினைப்பது வீண். வலக்கை சோற்றில் இருக்கும்போது பரிமாறும் கரண்டியை இடக்கையால் பிடிக்கலாம்; அல்லது ‘மை ஹாண்ட் இஸ் மெஸ்ஸி, குட் யூ சேர்வ் மீ?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம்.

கொழும்பில் ஒரே மேசையில் மச்சம் சாப்பிடுபவரும் சைவக்காரரும் இருப்பார்கள். ஆகவே ‘இஸ் தெயர் பீஃப் இன் திஸ்?’ என்ற கேள்வியைக் கட்டாயம் பழக்குங்கள்; பட்டிஸையும் கட்லட்டையும் வெளியிலிருந்து பார்த்து உள்ளே என்ன என்று சொல்லமுடியாது. நத்தார் கேக்கில் முட்டை இருக்கும், பல வீடுகளில் பிரண்டியும் சேர்ப்பார்கள். ‘இஸ் தெயர் எனி அல்கஹோல் இன் இட்?’ மறுக்கும்போது ‘இட் லுக்ஸ் லவ்லி, பட் ஐ டோன்ட் ஈட் மீட்’ என்றால் சமைத்தவர் மனம் கோணாது. ‘ஐ ஆம் வெஜிடபிள்’ என்று சிரிப்பு மூட்டாமல், வெஜிடேரியன் என்ற சொல்லை முழுதாகச் சொல்லவையுங்கள்.

ஹோட்டல் விருந்தென்றால் இன்னொன்று. கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் பீங்கானில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால், முடிந்தது என்று பரிமாறுபவர் எடுத்துப் போய்விடுவார். இடையில் நிறுத்துவதென்றால் இரண்டையும் பிரித்து வையுங்கள். ‘ஹேவ் யூ ஃபினிஷ்ட்?’ என்று கேட்டால் ‘நொட் யெட், தாங்க் யூ.’

விருந்தன்று மேசையில் யாரையும் திருத்தாதீர்கள். மாமா, மாமி முன்னால் ஒருமுறை திருத்து வாங்கிய பிள்ளை அன்று முழுக்கத் தமிழிலும் பேசாது. பிழைகளை மனதில் வைத்திருந்து, பாத்திரம் கழுவும்போது மூன்றை மட்டும் சொல்லி, சரியான வசனத்தை இரண்டு தரம் சொல்லவையுங்கள். அந்த நேரமே வொஷ், ரின்ஸ், ட்ரை, லெஃப்ட்ஓவர்ஸ் என்ற சொற்களுக்கும் ஏற்றது.

விடைபெறும்போது வீட்டுக்காரர் கடதாசியில் சுற்றிய கேக் துண்டுகளைக் கையில் திணிப்பார். ‘வுட் யூ லைக் டு டேக் சம் ஹோம்?’ என்றால், ‘யெஸ், ப்ளீஸ். தட்ஸ் வெரி கைண்ட் ஒஃப் யூ.’ மூன்று கிழமையில் தைப்பொங்கல் வரும். ‘பாஸ்’, ‘ப்ளென்டி’, ‘ஜஸ்ட் அ லிட்டில்’ எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் கோழிக்கும் பதிலாகப் பொங்கலையும் வடையையும் போட்டு மறுபடி பழக்குங்கள்.